திறந்த கதவும் சாத்தாத கதவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



 நான் வைத்தியனல்லன், பல்கலைக்கழகத்திலே விஞ்ஞானம் பயிலும் மாணவன். ஆதலின் நான் சொல்லப்போவதை வைத்தியர் சொல்லுக்கு மாற்றாகக் கொள்ளாது, வைத்தியரிடம் போவதற்கு ஒரு தூண்டுதலாக மாத்திரம் கொள்ளுமாறு வேண்டிக்கொள்கின்றேன்.

மிஷன் பாடசாலையிற் படித்த எனக்குப் பெரிய புராணம் வகுப்பறையிலே கிடைக்கவில்லை. அம்மம்மாவின் அருகிலே பாயிற் படுத்திருந்த இரவுகளிலேதான் கிடைத்தது. அவர் சொன்ன கதைகளுள் ஒன்று திருமறைக்காட்டுக் கதை. வேதங்கள் வழிபட்டுத் திருக்காப்பிட்டுப் போன அவ்வாலயத்தின் கதவை ஒருவராலும் திறக்க முடியவில்லை. அடியார்கள் வேறொரு வாயில் வழியாகவே போய் வந்தனர். அங்கே சென்ற அப்பர் பெருமான் பதிகம் பாடக் கதவு திறந்தது. பின்பு அக்கதவைச் சாத்தும்பொருட்டுச் சம்பந்தப் பெருமான் பாட, அது சாத்திற்று. "ஏன் அம்மம்மா, திறந்த கதவைப் பிறகும் சாத்த வேண்டும்?" என்று நான் கேட்டேன். "திறக்கவும் சாத்தவும் ஏலுமெண்டால்தானே மோனை அது கதவு" என்றார் அவர். அந்த விடை இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கு மிகவும் பொருந்தும். பிறவியிலேயே இருதயக் குறையுடன் பிறந்து, சத்திரசிகிச்சையினாற் பிழைத்த பிள்ளைகளின் இருதயத்திலே, திறந்தபின் சாத்தாது நின்றுவிட்ட ஒரு கதவைப் பற்றியே பேசப்போகின்றேன்.

இருதயம் ஓர் இறைப்பு இயந்திரம். ஒரு நாளிலே ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை அது அடிக்கின்றது. அதன் வலப்பாதி உடலிலிருந்து வரும் கரிய இரத்தத்தை வாங்கிச் சுவாசப்பைக்கு அனுப்புகின்றது. இடப்பாதி சுவாசப்பையிலே சுத்தியடைந்த செந்நிற இரத்தத்தை உடலெங்கும் அனுப்புகின்றது. இரத்தம் ஒரு திசையிலே மாத்திரம் ஓடும்படி காவல் செய்பவை நான்கு வால்வுகள். வால்வின் தொழிலை எங்கள் கமக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கிணற்றிலே இறக்கிய குழாயின் அடிவால்வு ஒழுகுமானால், ஏறின தண்ணீர் திரும்பவும் கிணற்றுக்குள் இறங்கிவிடும். இயந்திரமோ முன்போலவே சத்தமிட்டு ஓடிக்கொண்டிருக்கும். வாய்க்காலிலே வரும் நீர் மாத்திரம் குறையும். இருதயத்திலும் அவ்வாறே.

இப்பொருளை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் அறைத் தோழன் ஒருவன். அவன் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அவன் கதையைச் சொல்ல அவன் அனுமதி தந்திருக்கின்றான். அவன் மார்பின் நடுவிலே மேலிருந்து கீழாக ஒரு தழும்பு உண்டு. சிறு வயதிலே நடந்த சத்திரசிகிச்சையின் அடையாளம் அது. "மச்சான், எனக்கு ஓட்டை அடைச்சது. இப்ப சுகம்" என்பான்; அதற்குமேல் அவனுக்கும் தெரியாது. ஒரு நாள் மாலை கரப்பந்தாட்டத்தின் நடுவே அவன் நெஞ்சு படபடத்து மயங்கி விழுந்தான். வைத்தியசாலையிலே அவனைக் கேட்ட முதற் கேள்வி, "உமக்குச் செய்தது என்ன சத்திரசிகிச்சை?" என்பதே. அவனுக்கு விடை தெரியவில்லை. தாயாரிடம் தொலைபேசியிலே கேட்டோம். 2009ஆம் ஆண்டு இடப்பெயர்விலே காகிதங்கள் யாவும் போய்விட்டன என்றார். பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடியவற்றுள் தப்பியது மகனுடைய சாதகம் ஒன்றே.

எக்கோப் பரிசோதனையிலே உண்மை வெளிப்பட்டது. அவனுக்கு அடைத்தது வெறும் ஓட்டையன்று. 'பலோவின் நான்கு குறைகள்' என்று வைத்திய நூல்கள் வழங்கும் பிறவிக் கோளாறு அது. அதைத் திருத்தியபோது திறக்கப்பட்ட ஒரு வால்வு, இத்தனை ஆண்டுகளாகச் சாத்தாமலே இருந்திருக்கின்றது.

அன்பர்களே, உயிருடன் பிறக்கும் பிள்ளைகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று ஏதோவோர் இருதயக் குறையுடன் பிறக்கின்றது. அவற்றுட் பல தாமாகவே மாறிவிடும் சிறு குறைகள். பலோவின் நோயோ அத்தகையதன்று. 1888ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்து மார்செய் நகரத்து வைத்தியர் ஆர்தர் பலோ என்பவர் இதனை வகுத்துரைத்தார். இருதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் இடையே ஓட்டை. சுவாசப்பைக்குப் போகும் வழியிலே ஒடுக்கம். பெருநாடி அவ்வோட்டையின்மேல் விலகி இருத்தல். வலக் கீழறையின் தசை தடித்தல். இவை நான்கும் சேர்ந்தது இந்நோய். சுவாசப்பைக்குப் போக வழியில்லாத கரிய இரத்தம், ஓட்டையின் வழியே பெருநாடியிலே கலந்துவிடுகின்றது. உதடும் நகமும் நீலம் பாரிக்கின்றன. நீலகண்டனுடைய நீலம் உலகைக் காத்த நீலம். இக்குழந்தைகளின் நீலமோ பிராணவாயுவுக்கு ஏங்கும் நீலம். நாலடி நடந்ததும் குந்திக்கொள்ளும் இப்பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று ஏசிய வீடுகளும் உண்டு. உண்மையில், குந்தும்போது சுவாசப்பைக்குச் செல்லும் இரத்தம் சற்றுக் கூடுகின்றது. ஒருவரும் கற்பிக்காமலே குழந்தை அதனைக் கண்டுகொள்கின்றது. சத்திரசிகிச்சை இல்லாத காலத்திலே இவர்களுள் நாற்பது வயதைக் கண்டவர்கள் மிகச் சிலரே.

இந்த மூடிய கதவை முதலில் அசைத்தவர்கள் மூவர். அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரிலே, ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிலே, ஹெலன் டவுசிக் என்னும் பெண் வைத்தியர் இருந்தார். செவிப்புலன் குன்றியமையால் குழந்தைகளின் இருதயத் துடிப்பை விரல்களாலே தொட்டறிந்தவர் அவர். சுவாசப்பைக்கு வேறொரு குழாய்வழி இருக்கும் நீலக் குழந்தைகள் சற்று நலமாக இருப்பதைக் கவனித்து, அத்தகைய வழியொன்றைச் சத்திரசிகிச்சையால் உண்டாக்கலாகாதா என்று கேட்டார். அதற்கு இசைந்தவர் சத்திர வைத்தியர் அல்பிரட் பிளேலொக். அதற்கான முறையை ஆய்வுகூடத்திலே நாய்களிற் செய்து செய்து பழகிக் கொடுத்தவரோ விவியன் தொமஸ் என்னும் கறுப்பின இளைஞர். தச்சுத்தொழில் செய்து கல்லூரிக்கெனச் சேமித்த பணம் பொருளாதார வீழ்ச்சியிலே அழிந்துபோக, உயர்கல்வி காணாது ஆய்வுகூட உதவியாளராய் அமர்ந்தவர் அவர். 1944ஆம் ஆண்டு நவம்பர் 29ஆந் திகதி முதற் சிகிச்சை நடந்தபோது, பிளேலொக்கின் பின்னே ஒரு படிமேல் நின்று, எங்கே எவ்வாறு தைப்பது என்று சொல்லிக்கொடுத்தார். மறு ஆண்டு வெளிவந்த கட்டுரையிலே அவர் பெயர் இல்லை. 1976ஆம் ஆண்டிலேதான் அப்பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கிற்று. பட்டமில்லாத கைகளும் அறிவுடைய கைகளாகலாம் என்பதற்கு இது ஒரு சான்று.

எனினும் இவர்கள் செய்தது திருமறைக்காட்டு அடியார்களைப்போல வேறொரு வாயில் வழியாகப் போனமையே. மூடிய கதவு மூடியபடியே இருந்தது. இருதயத்தை நிறுத்தி, திறந்து, உள்ளே தைப்பதற்கு அக்காலத்தில் வழியில்லை. 1954ஆம் ஆண்டிலே மினசோட்டாப் பல்கலைக்கழகத்து வைத்தியர் வோல்ட்டன் லிலிஹை ஒரு துணிகரமான வழியைக் கண்டார். பிள்ளையின் இரத்தக் குழாய்களை, பெரும்பாலும் தாயின் அல்லது தந்தையின் இரத்தக் குழாய்களுடன் இணைத்தார். பெற்றவரின் இருதயமும் சுவாசப்பையும் பிள்ளைக்காகவும் தொழில் செய்ய, பிள்ளையின் இருதயம் திறக்கப்பட்டது. ஒரு மேசையிலே இரண்டு உயிர்களுக்கு ஆபத்து. அவ்வாறு சிகிச்சை பெற்ற 45 பேரில் 28 பேர் வீடு திரும்பினர். அவ்வாண்டிலேயே பலோவின் நோய் முதன்முறையாக உள்ளிருந்தே திருத்தப்பட்டது. 1955இல் மேயோ வைத்தியசாலையிலே ஜோன் கேர்க்ளின் இதே வேலையை இருதய-சுவாசப்பை இயந்திரத்தின் துணையுடன் செய்தார். கதவு திறந்தது.

இனித்தான் நம் விடயத்தின் முடிச்சு வருகின்றது. ஓட்டையை ஓர் ஒட்டினால் அடைத்துவிடலாம். ஆனால் ஒடுங்கிய வழியை அகலிப்பதெப்படி? பலருக்கு ஒடுக்கம் சுவாசப்பை நாடியின் வால்வு வளையத்திலேயே இருக்கும். அவ்வளையத்தைக் குறுக்கே வெட்டி, ஒட்டொன்றை வைத்துத் தைத்து அகலிக்க வேண்டும். அகலித்தபின் வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று தொடமாட்டா. வழி திறந்துவிட்டது, கதவு போய்விட்டது. ஒவ்வொரு துடிப்பிலும் சுவாசப்பைக்கு ஏறின இரத்தத்தின் ஒரு பங்கு திரும்பவும் வலக் கீழறைக்குள் இறங்குகின்றது. சிலருக்கு இது பத்திலே நான்கு பங்குக்கும் மேலாகும்.

சத்திர வைத்தியர்கள் இதை அறியாமற் செய்தார்களா? இல்லை, அறிந்தே செய்தார்கள். வேறு வழியிருக்கவில்லை. இன்றைக்கு இறக்கப்போகும் குழந்தைக்கு, முப்பது ஆண்டின் பின் வரக்கூடிய துன்பத்தை விலையாகக் கொடுத்து உயிரை வாங்கினார்கள். சுவாசப்பைப் பக்கத்து அழுத்தம் குறைவானபடியால் இவ்வொழுக்கு தீங்கற்றது என்றும் அந்நாளிற் பலர் எண்ணினர். பிள்ளைகள் சிவந்தார்கள், ஓடினார்கள், பள்ளிக்குப் போனார்கள். தாய்மார் கோயிலுக்கு நேர்த்தி செலுத்தினார்கள். "குறை தீர்ந்தது" என்று எல்லோரும் நம்பியதிலே வியப்பென்ன?

காலந்தான் உண்மையைக் காட்டிற்று. 1955 முதல் 1960 வரை மேயோவிலே திருத்தப்பெற்று உயிர்தப்பிய 163 பேரைப் பற்றிய ஆய்வு 1993இல் வெளிவந்தது. 32 ஆண்டுகளின் பின் உயிருடன் இருந்தோர் நூற்றுக்கு 86 வீதம். அதே வயதும் பாலும் உடைய மற்றையோரிலே 96 வீதம். இதை இரண்டு விதமாக வாசிக்கலாம். சாவு நிச்சயம் என்றிருந்த இடத்திலே நூற்றுக்கு 86 பேர் வாழ்ந்தது மாபெரும் வெற்றி. ஆயினும் அந்தப் பத்துப் பேர் ஏன் குறைந்தார்கள்? 2000ஆம் ஆண்டிலே, பல வைத்தியசாலைகளிலே சிகிச்சை பெற்ற 793 பேரை ஆராய்ந்த வைத்தியர்கள், ஆபத்தான துடிப்புக் கோளாறும் திடீர் மரணமும் நேர்ந்தவர்களிலே முதன்மையாகக் காணப்பட்ட இருதயக் குறை அந்த வால்வு ஒழுக்கே என்று காட்டினர்.

நடப்பது இதுதான். திரும்பி வரும் இரத்தத்தையும் சேர்த்துத் தள்ளவேண்டிய வலக் கீழறை, ஆண்டுக்காண்டு பெருக்கின்றது. பெருத்த அறையின் சுவரிலே மின்துடிப்பு ஓடும் வழி நீண்டு தாமதமாகின்றது. தழும்பைச் சுற்றி அது தறிகெட்டும் ஓடலாம். அதுவே என் தோழனுக்கு மைதானத்திலே நடந்தது. இதிலே கொடியது என்னவென்றால், பத்து இருபது ஆண்டுகளாக நோயாளி ஒன்றையும் உணர்வதில்லை. மாடிப்படி ஏறும்போது மற்றையோரிலும் பார்க்கச் சற்று முந்தி மூச்சு வாங்கும். தன் இயல்பே அதுவென்று எண்ணிக்கொள்வான். சுகமென்னும் உணர்வு இங்கே சாட்சியாகாது. ஈ.சி.ஜி., எக்கோ, எம்.ஆர்.ஐ. ஸ்கான் ஆகியவையே சாட்சி. ஈ.சி.ஜி.யிலே கீழறைத் துடிப்பின் அலை 180 மில்லிசெக்கனுக்குக் கூடுவதும், ஸ்கானிலே வலக் கீழறையின் கொள்ளளவு, உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் 160 மில்லிலீற்றரை எட்டுவதும் வைத்தியர்கள் கவலையுடன் நோக்கும் குறிகள்.

இவ்வொழுக்குக்கு மருந்து குளிசையில் இல்லை. புதிய வால்வு வைப்பதே வழி. ஆனால் எப்போது வைப்பது? மிக முந்தி வைத்தால், உயிரினத் திசுவாலான அவ்வால்வு பெரும்பாலும் பத்துப் பதினைந்து ஆண்டிலே தேய்ந்து, வாழ்நாளிலே பலமுறை மாற்றவேண்டி வரும். மிகப் பிந்தி வைத்தால், பெருத்த அறை பழைய அளவுக்குத் திரும்பாது. இரண்டுக்கும் நடுவே உள்ள சரியான காலத்தைப் பிடிப்பதற்கே ஆண்டுதோறும் பார்வையிடல் வேண்டும். போகாதவனுக்கு அந்தக் காலம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

2000ஆம் ஆண்டிலே பரிஸ் நகரத்து வைத்தியர் பிலிப் பொன்ஹோவர், மார்பைத் திறவாமலே, நாளத்தின் வழியாகச் செலுத்திய குழாயினாற் பன்னிரண்டு வயதுச் சிறுவனொருவனுக்குப் புதிய வால்வொன்றை வைத்தார். அவ்வால்வு மாட்டின் கழுத்து நாளத்திலிருந்து எடுக்கப்பட்டது. இதைச் சொல்லும்போது இச்சபையிலே சிலருடைய முகம் மாறுவதைக் காண்கின்றேன். என் தோழனின் தாயாரும் இதைக் கேட்டுத் திகைத்தார். மாட்டின் அல்லது பன்றியின் திசுவே இன்று வழங்கும் வால்வுகளிற் பெரும்பாலானவை. இறந்தவர் தானமாக ஈந்த மனித வால்வும் உண்டு. எல்லா இடத்திலும் எளிதிற் கிடையாது. இதிலே ஒருவருடைய மனச்சாட்சியை மற்றொருவர் தீர்மானிக்க முடியாது. என் சிறு கருத்தை மாத்திரம் சொல்கின்றேன். கண்ணப்பர் தம் கண்ணைப் பெயர்த்து அப்பியதைப் பத்தியென்று போற்றும் நாம், ஓர் உயிரின் உறுப்பு இன்னோர் உயிரைத் தாங்குவதை இழிவென்று கொள்ளலாகாது. தயக்கமுள்ளவர்கள் அதை மறைக்காமல் வைத்தியரிடம் கேட்டு, வேறு வழியுண்டா என்று அறிதல் வேண்டும். தயங்கியபடியே காலத்தைக் கடத்துவதுதான் பிழை.

இளைஞர் சங்கத்திலே இதை நான் பேசுவதற்குக் காரணம் உண்டு. சிறு வயதிலே சிகிச்சை பெற்றவர்கள் தப்பிப்போவது எமது வயதிலேதான். சிறுவர் வைத்தியசாலைக்கு உரிய வயது கடந்துவிடுகின்றது. பெரியவர்களின் கிளினிக்கிலே பெயர் பதியப்படுவதில்லை. பரீட்சை, தொழில், வெளிநாடு என்று நாட்கள் ஓடுகின்றன. கலியாணப் பேச்சு வரும்போது தழும்பை மறைக்கின்றோம். தழும்பை மறைப்பதற்காகக் கிளினிக்கையும் மறைக்கின்றோம். பெண் பிள்ளைகளின் விடயத்திலே இது இரட்டிப்பு ஆபத்து. கருவுற்ற காலத்திலே இருதயத்தின் வேலை மிகவும் கூடும். முன்கூட்டியே பரிசோதித்துக்கொண்டால் இத்தகைய பெண்களிற் பெரும்பாலோர் நலமாகப் பிள்ளை பெறலாம். மறைத்தால் ஆபத்து யாருக்கு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தழும்பு பழியன்று. ஒரு வீட்டார் தங்கள் பிள்ளையைச் சாகவிடாது காத்ததற்கு எழுதிய சாசனம் அது.

ஆகையால் மூன்று வேண்டுகோள்களைச் சபையின்முன் வைக்கின்றேன். முதலாவது, பிள்ளையின் சாதகத்தைப் பேணுவதுபோலச் சத்திரசிகிச்சைக் குறிப்பையும் பேணுங்கள். அதன் பிரதியொன்றை வேறொரு வீட்டிலும் வையுங்கள். என்ன நோய், என்ன சிகிச்சை, எந்த ஆண்டு என்ற மூன்றையும் பிள்ளைக்கு வாய்ப்பாடமாக்குங்கள். இரண்டாவது, சுகமாயிருந்தாலும் ஆண்டுக்கொரு முறையாயினும், அல்லது வைத்தியர் குறித்த தவணைப்படி, இருதயக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். படபடப்பும் மயக்கமும் வந்தால் தவணையைக் காத்திராது உடனே செல்லுங்கள். மூன்றாவது, பல்லையும் ஈற்றையும் சுத்தமாக வைத்திருங்கள். பற்கிருமி இரத்தத்திலே கலந்து வால்விலே தங்குவதுண்டு. புதிய வால்வு வைத்தவர்கள் பல் பிடுங்குமுன் அதைப் பல் வைத்தியரிடம் அவசியம் சொல்ல வேண்டும்.

இவற்றைக் கேட்டு ஒருவரும் அஞ்ச வேண்டியதில்லை. பலோவின் நோயுடன் பிறந்து, குழந்தைப் பருவத்திலே சத்திரசிகிச்சை பெற்ற ஷோன் வைற் என்னும் அமெரிக்கர், பனிச்சறுக்கலிலே 2006, 2010, 2018 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிற் பொற்பதக்கம் வென்றார். இன்றைய சத்திர வைத்தியர்களும், இயன்றவரை வால்வைக் காப்பாற்றி, சிறிது ஒடுக்கம் எஞ்சினாலும் பொறுத்துக்கொள்ளலாம் என்னும் நிலைக்கு வந்திருக்கின்றார்கள். முன்னையோர் செய்த சிகிச்சையின் பயனைப் பல ஆண்டுகள் பொறுமையாகக் கணக்கெடுத்ததனாலே வந்த அறிவு இது. கிளினிக்குக்கு வந்து போன ஒவ்வொரு நோயாளியும் அந்த அறிவுக்கு ஒரு கொடையாளி.

என் தோழன் இப்போது தவணை தவறாமற் போய்வருகின்றான். இன்னும் வால்வு வைக்கும் காலம் வரவில்லை என்று வைத்தியர் சொல்லியிருக்கின்றார். துடிப்புக் கோளாற்றுக்குக் குளிசை எடுக்கின்றான். கரப்பந்தாட்டத்தை நிறுத்தியது அவனுக்கு மிகுந்த கவலை. ஆனால் மைதானத்துக்கு வந்து புள்ளி எழுதுகின்றான். பழைய குறிப்புக்குப் பதிலாக வைத்தியர் எழுதிக்கொடுத்த புதிய குறிப்பைத் தாயார் சாதகக் கட்டுடன் சேர்த்து மஞ்சட் துணியிலே முடிந்து வைத்திருக்கின்றார்.

திருமறைக்காட்டிலே கதவைத் திறக்க ஒருவரும், சாத்த ஒருவரும் வேண்டியிருந்தது. டவுசிக்கும் தொமசும் லிலிஹையும் கேர்க்ளினும் திறந்து தந்த கதவு இது. உரிய காலத்திலே அதைச் சாத்துவதற்கு வைத்தியர் மாத்திரம் போதாது. நோயாளியும் வீட்டாரும் நினைவுடன் இருத்தல் வேண்டும். இச்சபையிலே தழும்பொன்றைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஒருவர் இருப்பாராயின், அவர் வருகின்ற கிழமையே தம் தவணையைக் கேட்டுப் போவாராக. அதுவே என் பேச்சுக்குக் கிடைக்கும் பயன்.